ஊசியில்லா வாழ்க்கைக்கு 12 லட்சம்: நிலத்தை விற்கலாமா?

கடிதம் எழுதியிருப்பவர் மத்தியத் தமிழகத்தின் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஒரு தாய். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கணவர் மளிகைக் கடை நடத்துகிறார். இப்போது 13 வயதாகும் மகனுக்கு ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மூச்சு வாங்கி, வாந்தியெடுத்து, நினைவு மங்கிய நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த பிறகுதான் அது தெரியவந்தது. காலையிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் கலவை இன்சுலின் போடுகிறார்கள். மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 8.6. சென்ற ஆண்டு இரண்டு முறை பின்னிரவில் சர்க்கரை தாழ்ந்து, பையனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. அன்று முதல் இந்தத் தாய் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, மகனின் கழுத்தில் கை வைத்துப் பார்க்கிறார். வியர்த்திருந்தால் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிறார்.

உறவினர் ஒருவர் மூலம் வெளிமாநிலப் பெருநகரில் உள்ள தனியார் மையம் ஒன்று அறிமுகமாகியிருக்கிறது. இன்சுலின் சுரக்கும் உயிருள்ள செல்களைக் கண்ணுக்குத் தெரியாத உறைகளில் அடைத்து வயிற்றுக்குள் செலுத்துவார்களாம். அதன்பின் ஊசியும் வேண்டாம், நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையும் வேண்டாம் என்கிறார்கள். மகள் பிறந்தபோது சேமித்து வைத்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தே அந்த செல்களை உருவாக்குவதாகவும் சொல்கிறார்கள். கட்டணம் ரூ.12 லட்சம். பதிவுக்காக ரூ.25,000 கட்டியாகிவிட்டது. மீதிக்கு, சீதனமாக வந்த ஒன்றேகால் ஏக்கர் நிலத்தை விற்க ஆள் பார்த்துவிட்டார்கள். கணவருக்கு அரை மனது. இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றும், 15 வயதைத் தாண்டினால் இந்த சிகிச்சை பலிக்காது என்றும் மையம் சொல்லியிருக்கிறது. இது உண்மையா, சட்டப்படி சரியா, தாமதித்தால் மகனின் வாய்ப்பைக் கெடுத்தவளாகிவிடுவேனா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிலத்துக்கு அட்வான்ஸும் வாங்காதீர்கள். மாதக் கடைசி என்ற கெடு அந்த மையம் வைத்தது. உங்கள் மகனின் உடம்பு அப்படி எந்தக் கெடுவும் வைக்கவில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்று: சிகிச்சைக்குத் தயார்ப்படுத்துவதாகச் சொல்லி இன்சுலினைக் குறைக்கவோ நிறுத்தவோ யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டைப் 1 உள்ள பிள்ளைக்கு இன்சுலின் நின்றால், ஒன்பது வயதில் நீங்கள் பார்த்த அதே நிலை ஓரிரு நாளில் திரும்பி வரும்.

மகனுக்காக எதையும் விற்கத் துணிந்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த மையம் முழுப் பொய் சொல்லியிருந்தால் உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எது உண்மை, எது ஒட்டவைத்தது என்று பிரித்துக் காட்டுவதுதான் இந்தப் பதிலின் வேலை.

உறைக்குள் செல்கள்: இது கற்பனையல்ல

கணையத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் நுண்ணிய செல் திட்டுகள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. டைப் 1 நோயில் உடலின் எதிர்ப்பு அணுக்களே அந்தத் திட்டுகளில் உள்ள பீட்டா செல்களைப் பகையாகக் கருதி அழித்துவிடுகின்றன. வெளியிலிருந்து புதிய செல்களை வைத்தால் அவற்றுக்கு இரட்டை ஆபத்து. பிறர் உடலிலிருந்து வந்தவை என்பதால் ஒரு தாக்குதல், பீட்டா செல்கள் என்ற பழைய பகையால் இன்னொரு தாக்குதல். ஆகவேதான் உறை. சர்க்கரையும் இன்சுலினும் ஆக்சிஜனும் மிகச் சிறிய மூலக்கூறுகள். எதிர்ப்பு அணுக்கள் அவற்றோடு ஒப்பிட்டால் மிகப் பெரியவை. சிறியதை விட்டுப் பெரியதைத் தடுக்கும் துளைகள் உள்ள ஓர் உறைக்குள் செல்களை வைத்துவிட்டால், அவை பாதுகாப்பாக இருந்தபடியே இன்சுலினை வெளியே அனுப்பும் என்பது எண்ணம்.

எண்ணம் பழையது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சாங் 1957இல், மாணவராக இருந்தபோதே, செயற்கை உறைகளைச் செய்து பார்த்தார். 1980இல் லிம், சன் என்ற இருவர், உறையிட்ட கணையத் திட்டுகளை நீரிழிவு எலிகளின் வயிற்றுக்குள் செலுத்தி, ஏறத்தாழ மூன்று வாரங்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய ஆல்ஜினேட்தான் இன்றும் இந்தத் துறையின் அடிப்படைப் பொருள். அது பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கிறது. மண்டபம், ராமேசுவரம் கரையோரத்தில் கட்டக்கோரை என்று சொல்லி அள்ளுகிறார்களே, அந்தப் பாசியிலும் இருப்பது இதுதான். செல்களை ஆல்ஜினேட் கரைசலில் கலந்து, மெல்லிய ஊசி வழியாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சொட்டு விழுந்த கணத்தில் உறைந்து, வெந்த ஜவ்வரிசி போல வழுவழுப்பான மணியாகிவிடும். செல்கள் உள்ளே உயிரோடு இருக்கும். வழக்கமான மணியின் குறுக்களவு சுமார் அரை மில்லிமீட்டர். ஐஸ்கிரீமில் சேர்க்கும் தரத்து ஆல்ஜினேட் இதற்கு ஆகாது. அதிலுள்ள பாக்டீரியா நச்சின் எச்சங்களே உடலைச் சீண்டிவிடும் என்பதால் மருத்துவத் தரத்துக்கு மிகக் கவனமாகச் சுத்திகரிக்க வேண்டும்.

அப்படியிருந்தும் 45 ஆண்டுகளாக இது ஏன் ஊர் ஊராக வரவில்லை? இரண்டு தடைகள்.

முதலாவது தழும்பு. உறை எதிர்ப்பு அணுக்களை உள்ளே விடாது. ஆனால் உறையையே உடல் அந்நியப் பொருளாகக் கண்டுகொள்கிறது. முள் தைத்த இடத்தைச் சுற்றிச் சதை கட்டிப்படுவது உங்களுக்குத் தெரியும். அதேபோல் மணிகளைச் சுற்றி நார்த்திசு படிகிறது. சில வாரங்களில் அது சுவராகிவிட, உள்ளே போக வேண்டிய ஆக்சிஜன் நின்று, செல்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. மணி சிறிதாக இருந்தால் உடல் கண்டுகொள்ளாது என்றுதான் பலர் நம்பினார்கள். 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நேர்மாறாகக் கண்டார்கள்: ஒன்றரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள உருண்டைகளில்தான் தழும்பு குறைவாக விழுந்தது. ஆனால் மணி பெரிதானால் இரண்டாவது தடை முற்றுகிறது. ஆக்சிஜன் திசுவுக்குள் தானாக ஊடுருவிச் செல்லும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எளிதில் தாண்டாது. கணையத்தில் இந்தத் திட்டுகள் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் தங்கள் எடைக்குப் பொருந்தாத அளவுக்கு ரத்தத்தை இழுத்துக்கொள்பவை. அவ்வளவு பசியுள்ள செல்களை ரத்தக் குழாயே இல்லாத உறைக்குள் வைக்கிறோம். அதுவும் எத்தனை? திட்டு மாற்று சிகிச்சையில் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 10,000 திட்டுகள் என்பது ஒரு பொதுக் கணக்கு. 45 கிலோ எடையுள்ள பையனுக்கு நாலரை லட்சம் திட்டுகள் வேண்டும். அத்தனையும் மூச்சு விட்டாக வேண்டும்.

இந்த இரு தடைகளையும் எங்கே தாண்ட முடிந்தது என்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். செல்களை உறையிலிட்டுத் தரும் என்செல்டோ என்ற சிகிச்சைக்கு 2025 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. அது கண்ணுக்கானது. விழித்திரையின் மையத்தைப் பாதிக்கும் ஓர் அரிய நோய்க்காக, சுமார் ஆறு மில்லிமீட்டர் நீளமுள்ள உறையைக் கண்ணுக்குள் பொருத்துகிறார்கள். கண்ணுக்குள் எதிர்ப்புத் தாக்குதல் இயல்பாகவே குறைவு. தேவைப்படும் செல்களும் குறைவு. அவை ஒரே புரதத்தைச் சுரந்துகொண்டிருந்தால் போதும், சாப்பாட்டுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை. கணையத்தின் வேலையோ நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது. அதனால்தான் ஒன்று வந்துவிட்டது, இன்னொன்று இன்னும் வரவில்லை.

“12 பேரில் 10 பேர்” என்ற துண்டறிக்கை

அந்த மையம் தந்த துண்டறிக்கையின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். “அமெரிக்க ஆய்வில் 12 பேரில் 10 பேருக்கு இன்சுலின் தேவைப்படவில்லை” என்ற வரி சரியானதே. வெர்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் அந்த ஆய்வு 2025இல் வெளியானது. ஸ்டெம் செல்லிலிருந்து, அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லிலிருந்து, ஆய்வகத்தில் வளர்த்த இன்சுலின் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். படித்தபோது நானும் மகிழ்ந்தேன். எத்தனையோ ஆண்டுகளாகக் காத்திருந்த செய்தி அது. அந்த செல்களை ஆய்வகத்தில் வளர்க்க வழி கண்டவர்களில் ஒருவர், அப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டக்ளஸ் மெல்டன். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் டைப் 1. கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு நோய் வந்த பிறகுதான் தன் ஆராய்ச்சியையே அந்தப் பக்கம் திருப்பினார். பெற்றவர்களின் தவிப்பு உந்தித் தள்ளிய அறிவியல் இது.

ஆனால் துண்டறிக்கை சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். அந்தப் பத்துப் பேருக்கும் வைத்த செல்களுக்கு உறையே கிடையாது. கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக் குழாய் வழியாக நேரடியாகச் செலுத்தினார்கள். ஆகவே செல்களைக் காப்பாற்ற நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுத்தாக வேண்டும். அந்த மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்; சாதாரணமாக வராத தொற்றுகளுக்கும் வழிவிடும். ஆய்வில் இருவர் இறந்தார்கள். அந்த செல்கள் காரணமல்ல என்று மதிப்பிட்டார்கள். ஆனால் ஒருவருடைய மரணத்துக்குக் காரணம், எதிர்ப்பு தாழ்ந்தவர்களைத் தாக்கும் பூஞ்சை மூளைக்காய்ச்சல். சேர்க்கப்பட்டவர்கள் அனைவரும் 18 வயது கடந்தவர்கள். சர்க்கரை தாழ்வதை உணரும் திறனையே இழந்து, மீண்டும் மீண்டும் மயங்கி விழுந்தவர்கள்.

அதே நிறுவனம் அதே செல்களை உறைக்குள் வைத்து, எதிர்ப்பு அடக்கும் மருந்தில்லாமல் இன்னொரு ஆய்வும் நடத்தியது. உங்களிடம் விற்கப்படுவது அந்த இரண்டாவது வகை. எதிர்பார்த்த அளவுக்குச் செல்கள் இன்சுலின் சுரக்கவில்லை என்பதால் 2025 மார்ச்சில் அதை நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்தது. ஆக, உறையில்லாத ஆய்வின் வெற்றியையும் உறையுள்ள ஆய்வின் வசதியையும் ஒன்றாக ஒட்டி, இரண்டிலும் இல்லாத ஒன்றை உங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். என்னைக் கோபப்படுத்துவது இதுதான்.

1994இல் உறையிட்ட திட்டுகளால் ஒருவர் இன்சுலின் இல்லாமல் வாழ்ந்த கதையையும் அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உண்மை. அவர் ஏற்கெனவே சிறுநீரக மாற்று செய்துகொண்டு எதிர்ப்பு அடக்கும் மருந்துகளில் இருந்தவர். 2024இல் சீனாவின் தியான்ஜின் நகரிலிருந்து வந்த இளம்பெண்ணின் செய்தியும் அப்படியே. அவருக்கு முன்பே கல்லீரல் மாற்று நடந்திருந்தது. மருந்தே இல்லாமல், மரபணுவைத் திருத்தி எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாதபடி செய்த திட்டுகளை ஸ்வீடனில் ஒருவரின் முன்கைத் தசையில் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகும் அவை உயிரோடு சுரந்தன. பாதுகாப்பைப் பார்ப்பதற்காக மிகச் சிறிய அளவே வைத்ததால் அவர் இன்னும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நம்பிக்கை இந்தத் திசையில் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் இவை எதுவும் முன்பணம் கட்டி வாங்கும் நிலைக்கு வரவில்லை.

தொப்புள்கொடி ரத்தமும் காணொளிச் சிறுமியும்

மகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பவை பெரும்பாலும் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள். சில ரத்த நோய்களுக்கு அவை உயிர் காக்கும். அவற்றைத் திறமையான பீட்டா செல்களாக மாற்றி மனிதருக்குத் தரும் அங்கீகரிக்கப்பட்ட முறை எங்கும் இல்லை. மெல்டன் குழு பயன்படுத்தியது வேறு வகை ஸ்டெம் செல். அதையும் பல வாரங்கள், படிப்படியாக, வெவ்வேறு ஊக்கப் பொருள்கள் கொடுத்துத்தான் பீட்டா செல்லாக்கினார்கள். ரத்தத்தைப் பையிலிருந்து எடுத்து உறையிலிட்டால் இன்சுலின் வராது.

மையம் காட்டிய காணொளியில் வந்த பதினோரு வயதுச் சிறுமிக்கு “சிகிச்சைக்குப் பின் மூன்றே மாதத்தில்” இன்சுலின் 30 யூனிட்டிலிருந்து 12 ஆகக் குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு நோய் தெரிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது என்ற தகவலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நோய் தெரிந்து இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் இளைப்பாறித் தற்காலிகமாக மீண்டும் சுரக்கத் தொடங்கும். அதைத் தேனிலவுக் காலம் என்போம். எந்த சிகிச்சையும் செய்யாத பிள்ளைகளுக்கும் அப்போது இன்சுலின் தேவை வெகுவாகக் குறையும். பல மாதங்கள் நீடித்துப் பிறகு ஏறிவிடும். உங்கள் மகனுக்கும் ஒன்பது வயதில் அப்படி ஒரு காலம் இருந்திருக்கும். பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். புதிதாக நோய் வந்த பிள்ளையைக் காட்டி நான்கு ஆண்டு ஆன பிள்ளையின் பெற்றோருக்கு விற்பது அறமாகாது.

இன்சுலின் உடலில் சுரக்கிறதா என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை சி-பெப்டைடு. கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது அதோடு சேர்ந்து வெளிவரும் பொருள் அது; ஊசியில் போடும் இன்சுலினில் அது இருக்காது. உண்மையான ஆய்வு ஒவ்வொன்றும் இதைத்தான் அளக்கிறது. காணொளிக்குப் பதில் சி-பெப்டைடு அறிக்கையைக் கேளுங்கள்.

சட்டம் யார் பக்கம்?

உங்கள் பக்கம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய பொருள் “புதிய மருந்து”. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியில்லாமல் அதை நோயாளிக்குத் தரக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட நெறிமுறை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லைப் பதிவு செய்த ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம், அந்த ஆய்வுக்காக நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. 12 லட்சம் கேட்பதே இது ஆய்வல்ல என்பதற்குச் சான்று. ஆய்வில்லை, அனுமதி பெற்ற மருந்துமில்லை என்றால் மூன்றாவதாக ஒரு வழி சட்டத்தில் கிடையாது.

சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அதன் அட்டவணையில் நீரிழிவின் பெயர் இருக்கிறது. துண்டறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கட்டிய ரூ.25,000ஐத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதிக் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சு போதாது. தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். மையம் வெளிமாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடர 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவர் மீதான புகார் அவர் பதிவு செய்துள்ள மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

அவர்களிடம் கேட்க வேண்டியவை

உங்கள் கணவரையும் வைத்துக்கொண்டு, எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் தராததே ஒரு பதில்.

இந்த சிகிச்சையின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் பதிவாகும் அரசுப் பட்டியல் அது. எண்ணைக் கொடுத்தால் இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எண் தந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். அதில் எழுதியிருக்கும் நோயும் வயதும் உங்கள் மகனுக்குப் பொருந்துகின்றனவா, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டின் அனுமதி எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை திட்டுகள் வைப்பீர்கள், யாருடைய செல், எந்த ஆய்வகத்தில் தயாரானது? மணிகள் கெட்டுப்போனால் எப்படி வெளியே எடுப்பீர்கள்? வயிற்றுக்குள் சிதறிய ஆயிரக்கணக்கான மணிகள் குடலைப் போர்த்திய கொழுப்புத் திரையில் ஒட்டிக்கொள்ளும். முழுவதும் பொறுக்கி எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அந்நியரின் செல் கசிந்தால் அதற்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் மகனின் ரத்தத்தில் உருவாகலாம். பத்து ஆண்டு கழித்து உண்மையான சிகிச்சை வரும்போது அதுவே அவனுக்குத் தடையாக நிற்கக்கூடும். “போனால் பணம்தானே” என்று உங்கள் அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பணத்தோடு போகாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தீங்கு நேர்ந்தால் இழப்பீடு யார் தருவார்கள்? பதிவு பெற்ற ஆய்வில் அது நடத்துபவரின் கடமை.

மகனிடம் கேட்டீர்களா? இது நான் உங்களிடம் கேட்பது. உண்மையான ஆய்வு என்றால் 13 வயதுப் பிள்ளையின் சம்மதத்தையும் எழுத்தில் பெற வேண்டும் என்பது நெறிமுறை. உங்கள் நீண்ட கடிதத்தில் அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை.

15 வயதைத் தாண்டினால்?

இதற்கு உடலியல் காரணம் எதுவும் இல்லை. இந்தத் துறையின் பெரிய ஆய்வுகள் 18 வயது நிறைந்தவர்களைத்தான் எடுத்தன. காத்திருப்பதால் வாய்ப்பு போகாது. கட்டுப்பாடில்லாமல் காத்திருந்தால் போகலாம். சிறுநீரகமும் கண்ணும் கெட்டவர்களை நாளைய ஆய்வுகளும் ஏற்கத் தயங்கும். 13 வயது முதல் 39 வயது வரை உள்ளவர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. மூன்று மாத சராசரியை ஏழை ஒட்டி வைத்திருந்தவர்களுக்கு, ஒன்பதில் இருந்தவர்களைவிட விழித்திரைப் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. உங்கள் மகனுக்கு இன்று கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சிகிச்சை 8.6ஐ ஏழுக்கு அருகில் கொண்டுவருவது.

அதிகாலை மூன்று மணி

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இதைத்தான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எட்டு மணிக்குக் கலவை இன்சுலின் போடுகிறீர்கள். அதன் பெரும்பகுதி நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலின். போட்டு நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் அது உச்சத்தை எட்டும். எண்ணிப் பாருங்கள்: நள்ளிரவு முதல் நான்கு மணி வரை. பிள்ளை தூங்கும் நேரம். வயிற்றில் உணவில்லாத நேரம். மாலை விளையாடிய நாளென்றால் இன்னும் தாழும். வலிப்பு வந்த இரண்டு இரவுகளும் பள்ளியில் கபடிப் பயிற்சி இருந்த நாள்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோய் முற்றியதால் வந்த வலிப்பாக எனக்கு அது தோன்றவில்லை. இன்சுலின் வகையும் நேரமும் பொருந்தாததால் வந்ததற்கே வாய்ப்பு அதிகம்.

டைப் 1 பிள்ளைகளுக்கு நாங்கள் பொதுவாக விரும்புவது வேறு முறை. நாள் முழுவதும் சீராக வேலை செய்யும் இன்சுலின் ஒரு முறை, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் விரைவாக வேலை செய்யும் இன்சுலின் ஒரு முறை. பள்ளியில் மதிய ஊசிக்கு மகன் மறுத்ததால்தான் மருத்துவர் கலவைக்கு மாற்றினார் என்கிறீர்கள். அவர் மேல் தவறில்லை. ஊசியே போடாமல் இருப்பதைவிட அது மேல். ஆனால் அப்போது அவனுக்குப் பத்து வயது, இப்போது 13. பேனா ஊசியைத் தானே போட்டுக்கொள்ளும் வயது. வகுப்பாசிரியரிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் நீங்கள் ஒரு முறை நேரில் பேசி, கழிப்பறைக்குள் ஒளிந்து போட வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நீங்களாக அளவை மாற்றாதீர்கள். ஒரு வாரத்துக்கு இரவு படுக்கும் முன், அதிகாலை இரண்டரை மணி, காலை வெறும் வயிறு என மூன்று வேளை சர்க்கரை எடுத்து, கபடி நாள்களைக் குறித்து, உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முறையை மாற்றலாமா என்று கேளுங்கள். மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். இன்சுலின் அங்கே இலவசம். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று பதினான்கு நாள்கள் வரை தொடர்ந்து அளந்து, சர்க்கரை தாழும்போது உங்கள் கைபேசியில் ஒலியெழுப்பும். மாதம் முழுக்க வாங்க முடியாவிட்டாலும், முறையை மாற்றும் முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டுமாவது வாங்குங்கள். அந்த 12 லட்சத்தில் ஒரு துளி அது.

இன்னொரு திருத்தம். பையன் விழித்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர்: மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. வலிப்பின் நடுவிலோ மயக்கத்திலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழையுங்கள். தாழ்ந்த சர்க்கரையை உயர்த்த வீட்டில் வைத்துக்கொள்ளும் குளுக்ககான் மருந்தைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். கையை மட்டும் வைத்து நம்பாதீர்கள். தாழ்ந்தும் வியர்க்காமல் இருக்கலாம், வெக்கையிலும் வியர்க்கலாம். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே இருந்தால் தாழ்வு.

மகளுக்கு அளவுக்கு மீறிய தாகம், எடை குறைவு, விட்டுப்போன படுக்கை நனைப்பு மீண்டும் வருவது என எது தெரிந்தாலும் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பாருங்கள். உடன்பிறந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை.

ஒரு வாரக் குறிப்பு தயாரானதும் அதன் படத்தை எனக்கும் அனுப்பிவையுங்கள். மையத்திடமிருந்து எழுத்தில் ஏதாவது பதில் வந்தால், பதிவு எண்ணோடு அதையும் அனுப்புங்கள், சரிபார்த்துச் சொல்கிறேன்.